இடது பக்கம் காலி

5.9.2005

பட்டான்செரு போகும் கம்பெனி பஸ் காலையில் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பால்கனியில் நின்று பார்த்தேன். ஜன்னலோரத்தில் என் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பெயர் சொல்லித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

வீட்டில் அடைந்து கிடப்பது இது மூன்றாவது வாரம். இடது முதுகில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு பை. இடது சிறுநீரகம் செய்கிற வேலையெல்லாம் அந்தப் பையில் வந்து நிற்கிறது. அதைப் பாவாடை நாடாவில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு, மேலே தொளதொளவென்று நைட்டி போட்டுக்கொண்டு, ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் குழாய் உறுத்துகிறது. படுத்தால் மனசு உறுத்துகிறது.

நடந்ததை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும். இடது பக்கம் கல். பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். கீழ் வழியாகக் கருவியை விட்டுக் கல்லைப் பிடித்து இழுத்தார்கள். கல் வந்தது. அதோடு, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்கு இறங்குகிற குழாயும் பாதிக்கு மேல் பிய்ந்து வந்துவிட்டது. "சின்ன காம்ப்ளிகேஷன்" என்றார் அந்த டாக்டர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நாளை மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி வேறு.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இர்பானிடம் வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

6.9.2005

மசாலா டப்பா எல்லாவற்றிலும் தேதி போட்டு லேபிள் ஒட்டினேன். ரஷ்மி பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துவிட்டு, "உப்புகி கூடா எக்ஸ்பைரி உந்தா மம்மீ?" என்று தெலுங்கில் கேட்டாள், உப்புக்குக்கூடக் காலாவதித் தேதி உண்டா என்று. ஒன்பது வயசுக்கு வாய் நீளம். என் வாய்தான்.

9.9.2005

டாக்டர் இர்பான் இந்த ஊர்க்காரர். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, முக்கியமான இடம் வந்தால் ஹிந்திக்குத் தாவிவிடுகிறார். படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, இவ்வளவு கல் எப்படிச் சேர்ந்தது, தண்ணீரே குடிப்பதில்லையா என்றுதான்.

சொன்னேன். ஊசி மருந்துக் குப்பி நிரப்புகிற ஸ்டெரைல் ஏரியாவில் எனக்கு வேலை, ஷிஃப்ட் இன்சார்ஜ். உள்ளே போகக் கண்ணைத் தவிர உடம்பு முழுக்க மூடின உடுப்பு. நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அத்தனையையும் கழற்றி, வெளியே வந்து, திரும்பக் கை கழுவி, புது உடுப்பு மாட்டி, உள்ளே போவதற்குள் லைனில் வேலை நின்றுவிடும். அதனால் யாரும் போவதில்லை. போகாமல் இருப்பதற்காக யாரும் குடிப்பதில்லை. காலை ஷிஃப்ட் என்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். பதினோரு வருஷத்தில் ஒரு ஷிஃப்டில்கூட நடுவில் நான் வெளியே வந்ததில்லை என்று சொல்லும்போது, அந்த அறையிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. மூன்று வழி இருக்கிறது என்றார். ஒன்று, குடலில் ஒரு துண்டு எடுத்துக் குழாய் மாதிரி தைப்பது. எனக்கு அது சரிவராது, கல் கூடும் என்று அவரே தள்ளிவிட்டார். இரண்டு, இடது சிறுநீரகத்தை எடுத்தே விடுவது. மூன்று, அதை எடுத்து, ஐஸில் வைத்துக் கழுவி, அடிவயிற்றில் வலது பக்கம் மூத்திரப் பைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தைப்பது. மீந்திருக்கிற குட்டைக் குழாய் அங்கிருந்தால் எட்டிவிடும். "மாற்றுச் சிறுநீரகம் வைக்கிற அதே ஆபரேஷன்தான். கொடுக்கிறதும் நீங்க, வாங்கிக்கிறதும் நீங்க" என்றார்.

ஸ்கேனில் மொத்த வேலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இடதுதான் செய்கிறதாம். பிய்ந்தது நல்ல பக்கம். வலதில் ஏற்கெனவே சின்னதாக ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. "நீங்க கல் உண்டாக்குற உடம்பு. உங்களுக்கு ரெண்டும் வேணும்." நவம்பரில் செய்யலாம், அதுவரை காய்ச்சல் வரக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பை நிறைந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். கிளம்பும்போது, "பரேஷான் நக்கோ ஹோ அம்மா" என்றார், கவலைப்படாதே என்று. அம்மாவாம். என்னைவிட இரண்டு வயசு பெரியவராக இருப்பார்.

லிஃப்டில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், எடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமா என்று. இவருக்கு பேகம்பேட்டில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. ஜனவரியில் நியூஜெர்ஸிக்கே போய் வேலை செய்கிற ஆன்சைட் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷமாகக் காத்திருக்கிறார். குடும்பத்தோடு போகலாம் என்கிறார். எடுத்துவிட்டால் ஒரு வாரம். இடம் மாற்றினால் மாதக்கணக்கு. கணக்கு எனக்கும் தெரியும்.

14.9.2005

இன்று சிரித்துச் சிரித்துக் குழாய் வலித்தது.

சாத்தூரில் இருக்கிற இவருடைய அண்ணன் சுதர்சனுக்கு யாரோ 'சகுந்தலாவுக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் போன் செய்தார். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னாலேயே, தனக்குச் சர்க்கரை வந்துவிட்டதாம், பிரஷரும் இருக்கிறதாம், டாக்டர் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்றுவிட்டாராம். கேட்காத கடனுக்குக் கையை விரிக்கிறார். இவர் "சரிண்ணே, உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்புறம் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன் — நிஜமாகவே வேறு ஆள் தர வேண்டும் என்றிருந்தால் நீங்கள் தருவீர்களா? இவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதுதான் இவரிடம் கஷ்டம். கடைசியில், "நான் பி குரூப், நீ ஓ. சேராதுல்லா" என்றார்.

கேட்டிருக்க வேண்டாம்.

17.9.2005

ரோடு முழுக்கப் பிள்ளையார் ஊர்வலம், மேளம். நானும் உள்ளே நடந்துகொண்டே இருந்தேன். அவர்களாவது தண்ணீரில் கொண்டு போய் இறக்கிவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

28.9.2005

ரோஸ்லின் வந்தாள். நாகர்கோவில் பெண், எனக்குக் கீழே மூன்று வருஷமாக இருக்கிறாள். பட்டான்செருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் அக்கா என்று உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

செய்தி: அக்டோபர் முதல் வாரம் அமெரிக்காக்காரர்கள் வந்து கம்பெனியைச் சோதிக்கிற ஆடிட், இரண்டு நாள். அதில் ஒரு நாள் முழுக்க எங்கள் ஏரியா. போன வருஷம் நான் நடத்திய சோதனை பேட்ச் பற்றித்தான் குடையப் போகிறார்களாம். எதை ஏன் செய்தோம் என்று எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மேனேஜர் கேட்கச் சொல்லியிருக்கிறார், உள்ளே வர வேண்டாம், ஆடிட் நடக்கும் ஹாலுக்குப் பின்னறையில் உட்கார்ந்து கேள்விக்கு விடை சொன்னால் போதும், கார் அனுப்புகிறோம் என்று.

இவர் வேண்டாம் என்றார். நான் உடனே வருகிறேன் என்றேன். இவர் வேண்டாம் என்றதால் அல்ல. அதனாலும்தான்.

4.10.2005

ஆடிட், முதல் நாள். எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு நாள் ஓடி! பின்னறையில் பத்துப் பேர். ஹாலிலிருந்து கேள்வி வரும், நான் சொல்லச் சொல்ல ரோஸ்லின் எழுதிக்கொண்டு ஓடுவாள். பெரிய துப்பட்டா போட்டு மறைத்துக்கொண்டதில் பை இருப்பது யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஆடிட் பண்ண வந்த வெள்ளைக்கார அம்மா என்னையே நேரில் கூப்பிட்டுக் கேட்டாள். பதில் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினாள். மேனேஜர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பை நிறையவே இல்லை. ஒரு தடவைகூட எழுந்து போக வேண்டியிருக்கவில்லை.

5.10.2005

இரண்டாவது நாளும் நன்றாக முடிந்தது. எங்கள் ஏரியாவில் ஒரு குறைகூட எழுதவில்லை. லேசாகக் குளிர்கிற மாதிரி இருக்கிறது. ஏசி.

12.10.2005

ஆஸ்பத்திரி. என் எழுத்து எனக்கே புரியவில்லை.

ஏசி இல்லை. ஆறாம் தேதி காலையில் பல் கிட்டிக் காய்ச்சல். பையில் வந்தது மோர் மாதிரி இருந்தது. இவர் என்னைத் தூக்காத குறையாகக் காரில் போட்டார். சீழ். ரத்தம் வரைக்கும் போய்விட்டதாம்.

டாக்டர் இர்பான் கேட்டார், அந்த இரண்டு நாளும் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று. நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் ஒரு காப்பி. மத்தியானம் மாத்திரைக்கு ஒரு வாய். யாரும் என்னைக் குடிக்காதே என்று சொல்லவில்லை. ஸ்டெரைல் ஏரியாவுக்குள் நான் போகவே இல்லை. கதவுக்கு நேரே பாத்ரூம். நினைத்தால் பத்து தடவை போயிருக்கலாம். கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு தானாக வாயை மூடிக்கொண்டுவிட்டது. எனக்குத் தோன்றவே இல்லை. இதை எப்படி இவருக்குப் புரிய வைப்பேன்?

இவர் கத்தவில்லை. கத்தினால் பரவாயில்லை. "யாருக்காகட்டி இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார்.

24.10.2005

வீடு. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இடது சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இப்போது தெரியாது. மூன்று வாரம் கழித்து ஸ்கேன். வேலையில் கால் பங்குக்காவது அது தேறினால் இடம் மாற்றலாம். அதற்குக் கீழே போயிருந்தால், இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு அர்த்தமில்லை, எடுத்துவிடலாம்.

மூன்று வாரம். குடிக்கிறேன். குடித்துக்கொண்டே இருக்கிறேன். ரஷ்மி பள்ளிக்கூடம் கிளம்பும் முன் எல்லா அறையிலும் ஒரு பாட்டில் நிரப்பி வைத்துவிட்டுப் போகிறாள்.

1.11.2005

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. நான் பை நிறைந்ததைக் கொட்டினேன், திரும்பக் குடித்தேன்.

9.11.2005

இவருக்கு ஆன்சைட் உறுதியாகிவிட்டது. ஜனவரி கடைசி. ஸ்வீட் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சொல்லத் தயங்கினார். நான்தான் பிரித்து ரஷ்மிக்குக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னையும் அறியாமல் அடுத்த நிமிஷம் ஜனவரியிலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பிடும்போது சொன்னார். எத்தனையோ பேர் ஒன்றைத் தானமாகக் கொடுத்துவிட்டு ஓடியாடி வேலை செய்கிறார்களாம். எடுத்துவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் தேறிவிடலாம், மூன்று பேரும் சேர்ந்தே விமானம் ஏறலாம், அங்கே போனால் எனக்கு வேலைக்குப் போகிற அவசியமே இல்லை, இஷ்டம்போல் தண்ணீர் குடிக்கலாம்.

கடைசியில் சொன்னதுதான் சுருக்கென்றது. தண்ணீர் குடிக்கிறதுக்கு அமெரிக்கா போகணுமா?

ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்தேன், மனுஷன் சொல்வது தப்பா? தப்பில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பயம், பண்ணாமல் விடவும் பயம். இடம் மாற்றும்போதே ரத்தம் கட்டிக்கொண்டு அந்தச் சிறுநீரகம் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்புறம் வயிற்றில் இரண்டு காயத்தோடு ஒன்றும் இல்லாமல் நிற்பேன்.

16.11.2005

ஸ்கேன். இருபத்தொன்பது.

பாதிக்கு மேல் செய்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது. ஆனால் கால் பங்குக்கு மேல். மேலேதான். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், எதற்கு என்று தெரியவில்லை.

18.11.2005

டாக்டர் இர்பான் காகிதத்தை வைத்துக்கொண்டு, முடிவு உங்களுடையது என்றார். இந்த அளவுக்கு வந்த பிறகு எடுத்துவிடுங்கள் என்று சொல்கிற டாக்டர்களும் இருப்பார்கள், அவர்களும் முட்டாள்கள் இல்லை என்றார். இதைச் சொன்னதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது.

இவர் பேசினார். நல்ல ஆங்கிலத்தில், ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி. ரிஸ்க், காலம், இருபத்தொன்பது சதவீதம். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் நிறையப் பேசத் தயாரித்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான். "ரெண்டு இருக்கும்போதே நான் இந்த லட்சணத்துல வச்சிருக்கேன் டாக்டர். ஒண்ண வச்சுக்கிட்டு என்ன பாடு படுத்துவேன்னு எனக்குத் தெரியும். வலது பக்கமும் கல் இருக்கு. நாளைக்கு அது அடைச்சா என்கிட்ட வேற என்ன இருக்கு?" தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ. இவருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு இவரே டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். என் பக்கத்துக்கு என்னைவிட நன்றாகப் பேசினார்.

இடம் மாற்றுவது டிசம்பர் ஐந்து.

27.11.2005

வந்து இறங்கியது யார் தெரியுமா? ருக்மிணி அக்கா. சுதர்சன் மச்சானின் சம்சாரம். கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை, சகுந்தலாவின் சொந்தச் சிறுநீரகம்தான் இடம் மாறப்போகிறது என்று இவர் விளக்கிச் சொன்ன மறுநாளே டிக்கெட் போட்டாளாம். இரண்டு பெட்டி நிறைய முறுக்கும் பொடியும். வந்த சூட்டோடு கேஸ் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். கிண்டலாக ஏதாவது கேட்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. அவளே முந்திக்கொண்டாள்: "உங்க மச்சான் பயந்தாங்கொள்ளி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம போனப் போட்டுட்டாரு." அப்புறம் எதைக் கேட்பது?

ஒரு மாதம் இருப்பாளாம். ரஷ்மி அவளோடு தெலுங்கில் பேச, அவள் சாத்தூர்த் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் எல்லாம் புரிகிறது.

4.12.2005

நாளைக்கு. வார்டில் மேலும் கீழும் நடந்தேன். நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தாள். திரும்ப எழுந்து நடந்தேன்.

அந்தச் சிறுநீரகம் பிறந்ததிலிருந்து முதுகுக்குள்ளே ஒரு ஓரத்தில் கிடந்தது. அது அங்கே இருக்கிறது என்று ஆகஸ்ட் வரை ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? நாளைக்குக் கொஞ்ச நேரம் எனக்கு வெளியே, ஐஸில் இருக்கும். அப்போது நான் எங்கே இருப்பேன் என்று பைத்தியம் மாதிரி யோசனை ஓடுகிறது. இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். லேப்டாப் மடியில்.

9.12.2005

பிழைத்தேன். இடது விலாவில் ஒரு கோடு, வலது அடிவயிற்றில் ஒரு கோடு. இருமினால் இரண்டும் சேர்ந்து கத்துகின்றன. இடம் மாற்றி வைத்த சிறுநீரகத்திலிருந்து தனியாக ஒரு மெல்லிய குழாய், கட்டிலுக்குக் கீழே தனியாக ஒரு பாட்டில். அது எவ்வளவு செய்கிறது என்று தெரிவதற்காக.

பாட்டில் காலி. ரத்தம் நன்றாக ஓடுகிறதாம், பார்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு சொட்டு இறங்கவில்லை.

10.12.2005

காலி.

டாக்டர் இர்பான், தூங்குகிறது என்கிறார். ஐஸில் வைத்தால் சிலது கொஞ்ச நாள் தூங்குமாம். ஏற்கெனவே சீழ் பட்டது வேறு. எழுந்திருக்காமலே போவதும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். பொய் சொல்லாத ஆண்களாகவே எனக்கு வாய்க்கிறார்கள்.

11.12.2005

காலி. நர்ஸ் பாட்டிலைப் பார்க்காமல் போனால் கோபம் வருகிறது. பார்த்துவிட்டுப் போனாலும் கோபம் வருகிறது. இன்றைக்கு இவரிடம் எரிந்து விழுந்தேன். நீங்க சொன்ன மாதிரி எடுத்துத் தொலைச்சிருக்கலாம், இப்ப சந்தோஷமா? என்றேன். இவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஸாரி என்று சொல்ல வாய் வரவில்லை. இதில் எழுதி என்ன பிரயோஜனம். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

12.12.2005

சொல்லவில்லை. இவர் கட்டிலுக்குக் கீழே குனிந்துகொண்டிருந்தார். செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பாட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் சட்டையோடு. "சக்கு, எழுந்திரிக்காத, அப்படியே இரு" என்றார். "வருது."

எவ்வளவு என்றேன். சொட்டுதான் என்றார். அடிப்பக்கம் நனைந்திருக்கிறது என்றார். எனக்குக் குனிந்து பார்க்க முடியாது. அவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார், கிரிக்கெட் கமெண்டரி மாதிரி. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டே கேட்டேன்.

14.1.2006

பொங்கல். ருக்மிணி அக்கா போகவில்லை, பொங்கல் வைத்துவிட்டுத்தான் போவாளாம். குழாய்கள் எல்லாம் எடுத்தாயிற்று. முதுகில் ஒன்றும் தொங்கவில்லை. பையை மாட்டியிருந்த ஊக்கை என்ன செய்வதென்று தெரியாமல் ரஷ்மியின் யூனிஃபார்முக்குப் போட்டேன்.

சுடிதார் நாடா சரியாகப் அடிவயிற்றில் புதுசாகக் குடிவந்தவர் தலையில் அழுத்துகிறது. மேலே ஏற்றிக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் கல்யாணத்துக்கு வந்த மாமா வேட்டி கட்டின மாதிரி இருக்கிறது.

19.2.2006

இவர் கிளம்பினார். ஒரு மாதம் தள்ளிக் கேட்டு வாங்கினார், அதற்கு மேல் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆறு மாதம், முதலில் தனியாக. டாக்டர் என்னை அதுவரை ஊர் தாண்டக்கூடாது என்றிருக்கிறார். பேகம்பேட் ஏர்போர்ட்டில் கூட்டம், வாசலிலேயே நின்று அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லாப் பையன்களும் ஒரே மாதிரி ஜாக்கெட், ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி அழுகிற அம்மாக்கள்.

இவர் எதையோ சொல்ல வந்து, "தண்ணி குடி" என்றார். ரஷ்மி, "ஹவ் டாடீ, நேனு சூஸ்தா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள், ஆமாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஆட்டோவில் திரும்பினோம். வீடு பெரிதாக இருக்கிறது. நடக்க இடம் அதிகம்.

10.4.2006

வேலையில் சேர்ந்தேன். ஆவணப் பிரிவில் உட்காருங்கள், ஏசி, நாற்காலி என்றார்கள். ஸ்டெரைல் ஏரியாவே வேண்டும் என்றேன். ஆனால் நடு ஷிஃப்டில் ஒரு தடவை வெளியே வருவேன், எழுதிக் கொடுங்கள் என்றேன். மேனேஜர், லைன் நிற்குமே என்றார். ஆடிட்டில் நான் சொன்ன பதில்களை ஞாபகப்படுத்தினேன். அவ்வளவு நாசூக்காக இல்லை, கொஞ்சம் மிரட்டல் தொனியில்தான்.

லைன் நிற்கவில்லை. ரோஸ்லின் பார்த்துக்கொண்டாள். உடுப்பைக் கழற்றி, குடித்து, போய், கழுவி, புது உடுப்பு மாட்டித் திரும்பினேன். எல்லாக் கண்களும் என்னையே பார்த்தன. அங்கே கண் மட்டும்தானே தெரியும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ரோஸ்லினை அடுத்து நீ போ என்றேன். எனக்கு வரல அக்கா என்றாள். வராது. எப்படி வரும்?

22.4.2006

ரோஸ்லின் இன்று நடு ஷிஃப்டில் பாத்ரூம் போனாள். லைனில் மற்ற இரண்டு பேர் இன்னும் முறைக்கிறார்கள்.

3.7.2006

ஸ்கேன். டாக்டர் இர்பான் லீவில் இருக்கிறார், புது ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இவர் அங்கிருந்து போன் செய்து, தனியாகப் போகாதே, ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு போ என்றார். தனியாகத்தான் போனேன். பள்ளிக்கூடம் விடுவதற்குள் திரும்ப வேண்டும்.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லாம் நெளிந்தார்கள். இந்த விஷயத்தில் என்னை ஜெயிக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

ஸ்கேன் பண்ணியது ஒரு தெலுங்குப் பையன். வலது பக்கம் முதுகு, சரி. இடது பக்கம் வைத்தான். நகர்த்தினான். அழுத்தினான். இன்னும் கொஞ்சம் ஜெல் போட்டான். அவன் முகம் மாறுவதைப் பார்த்து என் நெஞ்சும் படபடத்தது. எதற்குப் படபடக்க வேண்டும், எனக்குத்தான் தெரியுமே! தெரிந்தும், ஒருவேளை எங்கேயுமே இல்லையென்றால் என்று ஒரு நிமிஷம்.

"லெஃப்ட் கிட்னி தீஸேஸாரா மேடம்?" என்றான். எடுத்துவிட்டார்களா என்று.

இல்லை என்றேன். அவன் கை மணிக்கட்டைப் பிடித்து, கருவியோடு முன்பக்கம் கொண்டு வந்து, நாடாவை இறக்கி, வலது அடிவயிற்றில் வைத்தேன். பிறகு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையை என் பக்கம் திருப்பினான். இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள், எனக்கு இதுதான் முதல் தடவை. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சாய்ந்து, சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ரத்தம் சிவப்பும் நீலமுமாக ஓடுவதைக் காட்டினான். கல் இல்லை. வலதில் இருந்ததும் வளரவில்லை. குழாய் வழியாக மூத்திரப் பைக்குள் நீர் பீய்ச்சி விழுவது ஒரு சின்ன மின்னல் போல் தெரிந்தது. "பாக பனிசேஸ்தோந்தி மேடம்" என்றான். நன்றாக வேலை செய்கிறதாம். அடுத்து, மூத்திரப் பை காலியான பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும், போய்விட்டு வாருங்கள் என்றான்.

போனேன். ஒரே ஒரு பாத்ரூம்தான் அங்கே, வெளியே வயிறு நிரம்பிய பெண்கள் வரிசை. யாரோ கதவைத் தட்டினார்கள். இன்னொரு தடவை தட்டினார்கள்.

"இருங்க, வாரேன்" என்றேன். தமிழிலேயே. முழுக்க முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.